நீலம் பிடிக்காத இடம்

மெழுகுக் கட்டியின் விளிம்பில்
பென்சிலில் எழுதியது இன்னும் அழியவில்லை:
பொங்கோல், 81, குட்டி 4, தண்டுவடம்.
பேனா மை சைலீனில் கரைந்துபோகும்.
எங்கள் வேலையில் பென்சிலைத்தான் நம்புவோம்.

கூடவே ஒரு பழுப்பு அட்டை.
பண்ணை உரிமையாளர் குவெக் சியூ ஹொங்.
முதல் ஈற்றுத் தாய். பதினோரு குட்டி.
ஒன்பது நடுங்குகின்றன.
தாய்க்கு ஒரு குறையும் இல்லை,
தின்கிறது, சரிந்து படுக்கிறது,
பால் கட்டி நிற்கிறது.

தாயைப் போலப் பிள்ளை என்பதெல்லாம்
அந்தக் கொட்டகையில் செல்லவில்லை.

எழுந்து நின்றால் போதும்,
பின்னங்கால்கள் சிமெண்டுத் தரையில் தந்தியடிக்கும்.
காம்பை நோக்கிப் போன வாய்
காம்பைத் தாண்டிப் போகும்,
திரும்பும், மறுபடி தாண்டும்.
பசி ஏற ஏறக் குறி தவறும்,
குறி தவறத் தவறப் பசி.
நான்காம் குட்டி மூன்றாம் நாள் இங்கே வந்தது.

அட்டையில் ஒரு வரிக்குக் கீழே மட்டும்
யாரோ இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள்:
தூங்கும்போது நடுக்கம் இல்லை.

மெல்லிய சீவலாக அறுத்து நீலச் சாயத்தில் வைத்தேன்.
நரம்பைச் சுற்றி உறை இருந்தால் நீலம் பிடிக்கும்.
இதில் அங்கங்கே திட்டாக ஏறி
மற்றதெல்லாம் வெளுப்பு.
கருவில் நெய்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.
நூல் இருக்கிறது, சேலை இல்லை.

பாதியில் எழுப்பியது யார்?
அட்டையில் அதற்கொரு கட்டம் உண்டு.
காரணம்: தெரியவில்லை.
கையொப்பம், முத்திரை.

அட்டையைத் திருப்பினேன்.
வேறு கையெழுத்து, அவசரமாக:
உரிமையாளரின் மனைவி கேட்கிறார்.
சினையாக இருந்தபோது அதன் பக்கத்தில்
எச்சில் சோற்று டின்னைக் கைதவறிப் போட்டாராம்.
அந்தச் சத்தத்தினாலா?

கீழே மூன்று விரல் அகலம் வெற்றிடம்.

எனக்கு வேறு வேலை இருந்தது.
பழைய கட்டிகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் போதும்.
இருந்தும் வெள்ளிக்கிழமை மாலை
மெழுகைக் கரைத்து, மிச்சமிருந்த மரபிழையைத் துருவி,
மூன்று குழியில் இட்டு இயந்திரத்தை மூடினேன்.
முப்பத்தேழாவது சுற்றில்
ஒரு கோடு தரையிலிருந்து தலை தூக்கியது.
பக்கத்துக் குழியிலும்.
மூன்றாவது கடைசிவரை படுத்தே கிடந்தது.
வெறும் நீர் ஊற்றிய குழியும் அப்படியே, நல்லவேளை.

டாக்டர் ரோஸ்னானி திரையைப் பார்த்தார்:
"மூன்றில் இரண்டு. கட்டுரைக்குப் போதாது லா."
போதாதுதான்.
நாற்பது வருடம் மெழுகில் கிடந்து நைந்த துணுக்கு.
ஆனால் அது எந்த வைரஸின் துணுக்கு என்று தெரியும்.
பெஸ்டிவைரஸ் குடும்பத்தில் கடைசியாகப் பிடிபட்டது,
குட்டி நடுக்கத்துக்குக் காரணம் இதுதான் என்று
நிறுவிப் பத்து வருடம் சொச்சம்தான் ஆகிறது.
வாடகைக்கு வந்த ஆண்பன்றியோடு வந்திருக்கலாம்.
தாயின் ரத்தத்தில் சத்தமில்லாமல் சுற்றி,
அவளைத் தும்மக்கூட வைக்காமல்
நஞ்சுக்கொடி வழியே உள்ளே போயிருக்கும்,
நெசவு நடக்கும் நேரம் பார்த்து.

பொங்கோலில்தான் என் வீடும், பதினான்காம் மாடி.
அட்டையிலுள்ள மைல்கல் எங்கே நின்றது என்று
வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.
திருமதி குவெக்கின் பெயர்கூட அட்டையில் இல்லை.
எத்தனை ஈற்றுக்கு
டின்னை இரண்டு கையாலும் பிடித்து வைத்தாரோ.

திங்கட்கிழமை அட்டைகளை ஸ்கேன் செய்து கழிப்பார்கள்.
அதற்குள் அந்த மூன்று விரல் இடத்தில்
பென்சிலைக் கூராக்கி எழுதினேன்:
டின் இல்லை, அம்மா.

மற்ற இரண்டு குட்டி ஏன் நடுங்கவில்லை
என்று அவர் கேட்டிருந்தால்
அந்தக் கட்டத்தில் நானும்
முத்திரைதான் குத்தியிருப்பேன்.