துறைமுகம்: குருபரப்பள்ளி

அச்சு முறிந்தது குருபரப்பள்ளிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்.
கோவா போகவேண்டிய முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகு
ட்ரெய்லரோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்து நின்றது,
நெடுஞ்சாலை ஓரம், புளியமரத்துக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே.
டிரைவர் உதிரி தேடி ஓசூர் போனான்.
நான் மின்சாரத்துக்குப் பொறுப்பு. படகோடு இருந்தேன்.

பேட்டரி பதினொன்று புள்ளி ஒன்பது.
இன்று இரவுக்குள் கரை வேண்டும்.

கரை என்றால் எங்களுக்கு ஒரு பிளக் பாயிண்ட்.

பஞ்சர் கடை அன்சர் பாஷாவிடம் கேட்டேன்.
"போன் சார்ஜா?"
"படகு."
என் தோளுக்குப் பின்னால் நெடுநேரம் பார்த்தார்.
தண்ணீர் எங்கே என்று கேட்கவில்லை.
"யூனிட்டுக்குப் பன்னெண்டு ரூபா. சப்மீட்டர் வச்சுக்கலாம்."

செருகியதும் எங்கள் பலகையில் சிவப்பு விளக்கு.
யாரோ எப்போதோ ஃபேஸையும் நியூட்ரலையும்
மாற்றி முறுக்கியிருக்கிறார்கள்.
பத்து வருடமாகக் கடை அப்படியே எரிந்திருக்கிறது,
பல்புக்குத் திசை தெரியாது.
மூன்றாவது ஓட்டை வெறும் அழகுக்கு.
எர்த் கம்பி இறக்கலாம் என்று சம்மட்டி வாங்கி அடித்தேன்.
ஒன்றரை அடியில் டங் என்றது.
இது கல் ஏற்றுமதி செய்கிற ஊர்,
பூமிக்குள் இறங்கக் கம்பிக்கு இடமில்லை.
கடைசியில் போர்வெல் கேசிங் குழாயில் கட்டினேன்.
அறுநூறு அடிக்கு ஓட்டை, மேலே நாற்பதடி இரும்பு,
அதன் கழுத்தில் என் பச்சை ஒயர்.

முப்பது மீட்டர் கேபிள். சுருளாக வைத்தால் சூடாகும்,
அவிழ்த்துப் போட்டேன், டீக்கடை மாதேஸ்வரி
அதன்மேல் ஈரத்துணி காயவைத்தாள்.
"அக்கா, அது கரண்டு."
"கரண்டுன்னா காயத்தானே செய்யும்?"

ஆறு ஆம்பியர் பாயிண்டில்
சார்ஜர் மூன்று குடித்தது, ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குக் கீழே.
கெட்டில் ஒன்பது கேட்டது, மூட்டை கட்டிவிட்டேன்.
மிச்சம் ஒரு ஃபேன்.
ஆனால் அவர் கம்ப்ரசர் எழும்போதெல்லாம்
என் முனையில் வோல்ட் நூற்று எழுபதுக்கு விழும்,
சார்ஜர் அழும்.
ஒப்பந்தம் போட்டோம்:
காற்றடிக்குமுன் அவர் ஒரு விசில்,
நான் சார்ஜரை அணைத்துவிடுவேன்.
மாங்காய் லாரிகளின் மாதம்.
இரண்டாம் நாளே அவருடைய வரும்படி எனக்கு மனப்பாடம்,
விசிலை எண்ணினால் போதும்.

இரவில் நங்கூர விளக்கைப் போட்டேன்.
நிற்கிற படகு வெள்ளை விளக்கு எரிக்கவேண்டும்.
நங்கூரம் இல்லை, பாய்மரம் மேல்தட்டில் படுத்திருக்கிறது,
அதன் நுனி ட்ரெய்லருக்கு வெளியே நீண்டு
சாலையைப் பார்த்து எரிந்தது.
கால் ஆம்பியர்கூட இல்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

மூன்றாம் இரவு காற்று, பிறகு மழை,
பிறகு டிரான்ஸ்பார்மரில் நீலமாய் ஒரு வெடிப்பு.
சூளகிரிப் பக்கம்வரை இருட்டு.
கடையில் ஒரு லாரி பாதி ஜாக்கியில் நின்றது.
பாஷா என் கீழே வந்து நின்று மேலே பார்த்தார்.
கரை பிளக்கை முதலில் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
மறந்தால், எங்கோ கம்பத்தில் ஏறுகிறவனுக்கு
என் பேட்டரி எமன்.
பிறகு இன்வெர்ட்டரிலிருந்து தனிக் கயிறு ஒன்று
படகின் வயிற்றிலிருந்து கடைக்குள் போனது.
ஒரு ட்யூப்லைட், மாதேஸ்வரியின் பால் ஃப்ரிட்ஜ்.
"கம்ப்ரசர்?"
"முடியாது பாய். கிளம்பும்போதே மூழ்கடிச்சிடும்."
அவர் சிரித்தார். "இங்கயா?"

ஸ்டெப்னி மாட்டி லாரி போனது.
நான் பதினொன்று புள்ளி எட்டில் அணைத்தேன்.

அச்சு வந்தது. கணக்கு பார்த்தோம்.
மீட்டரில் பதினேழு யூனிட்.
பாஷா பீடி அட்டையில் எழுதினார்: பதினாறு.
"ஒண்ணு நீங்க குடுத்தது."
ஒன்று வராது, முக்கால்தான் என்றேன்.
காதில் வாங்கவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன்.
துறைமுகம்: குருபரப்பள்ளி.
ஆழம் என்ற கட்டத்தில் கொஞ்சநேரம் பேனா நின்றது.
அறுநூறு அடி என்று எழுதினேன்.
கரை இணைப்புத் துண்டிப்பு: காலை 6.40.