நாடா ஒட்டாதது

இசாஃப்யோர்துரில் ஜனவரி என்றால்
காலை பதினோரு மணிக்கும் தெருவிளக்கு அணையாது.
மலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சூரியனை
நாள்காட்டியில் பார்த்துக்கொள்வோம்.
கீழே துறையில் படகுகள் காட் மீன் இறக்க,
மேலே இரண்டாம் மாடியில்
அந்த மீனை ஏலம்விடும் மென்பொருளுக்கு
ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆள் என்றால் ஆளில்லை.
மாத வாடகைக்கு வரும் மூன்று மாடல்கள்.
தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
வாடகை மாட்டை வாய் திறந்து பார்க்காமல்
யார் ஏரில் பூட்டுவார்கள்?

பெயர் தெரிந்தால் மனம் சாயும் என்று
ரக்ன்ஹெய்துர் மூன்றையும் மறைத்தாள்.
மீன்தொட்டிக்கு ஒட்டும் நாடாவைக் கிழித்து
ஒரு திரைக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம்.
மூன்றாவதற்கு வருவதற்குள் நாடா தீர்ந்தது.
அது வெறுந்திரையாகவே உட்கார்ந்திருந்தது.

தேர்வுத்தாள்: தொட்டி எண் 4417.
பதினான்கு மாதமாகப் பிடிபடாத பிழை.
எல்லாத் தொட்டியிலும் இல்லை, சிலவற்றில் மட்டும்
எட்டுக் கிலோ எங்கோ கரைந்துவிடும்.
ஹ்யால்டி அதற்காக ஆறு வார இறுதிகளையும்
ஒரு காதலையும் பலிகொடுத்திருக்கிறான்.

சிவப்புக்கு மூன்றே நிமிடம்.
எல்லாச் சோதனையும் பச்சை.
கேக் வாங்கலாமா என்று யாரோ கேட்டார்கள்.
ஹ்யால்டி மட்டும் கீழே, இன்னும் கீழே உருட்டிப் போனான்.
தோற்றுக்கொண்டிருந்த ஒரே சோதனையை
வாயில் துணி அடைத்து
மூலையில் உட்காரவைத்திருந்தது சிவப்பு.

நீலம் எண்ணூறு வரி எழுதியது.
எலி புகுந்தது என்றால்
வீட்டையே இடித்துக் கட்டும் கொத்தனார்.
கட்டியது அழகாகத்தான் இருந்தது.
எலியும் உள்ளேதான் இருந்தது.

வெறுந்திரை நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
தொங்கிவிட்டது என்று மூடப்போனேன்.
அப்போது வந்தன இரண்டு வரிகள்:
பனிக்கட்டியின் எடையைக் கழிப்பது தராசா, நிரலா?
உங்கள் குறிப்புகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை.
தராசுக் கூண்டுக்குப் போன் போட்டோம்.
ஸ்டெய்னுன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
"பழைய தராசு கழிக்காது. புதுசு தானே கழித்துவிடும்.
போன வருஷத்துக்கு முந்தின நவம்பரிலேயே
மேலே வந்து சொன்னேனே.
நீங்கள் எல்லோரும் காதில் மாட்டியிருந்தீர்கள்."

பதினான்கு மாதம்.
எட்டெட்டுக் கிலோவாக
மீன்காரர்கள் பையிலிருந்து எடுத்திருக்கிறோம்.
ஹ்யால்டி ஜன்னலுக்குப் போய்
கீழே நின்ற படகுகளை எண்ணினான்.
பிறகு உட்கார்ந்து மறுபடி எண்ணினான், இம்முறை பணத்தில்.

அதற்காக வெறுந்திரையை மாலை போட்டு அழைத்துவிடவில்லை.
விலை மூன்று மடங்கு.
அடுத்த வாரமே ஒரு பட்டனின் நிறத்துக்கு
நான்கு கேள்வி கேட்டு ரக்ன்ஹெய்துரை அழவைத்தது.
இரண்டு கூட்டம், ஒரு சண்டை, ஆறிய காபி.
கடைசியில்:
பட்டனுக்கும் பக்க அழகுக்கும் சிவப்பு,
அது எழுதியதை மனிதக் கண் ஒன்று படித்த பிறகு.
எடையைத் தொடும் எதற்கும் வெறுந்திரை.
நீலத்துக்கு நன்றி சொன்னோம்.
பதிலுக்கு அது நான்கு பத்தி நன்றி சொன்னது.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
வெறுந்திரைக்கு வரும் வெள்ளியோடு ஓய்வாம்.
அதைவிடச் சிறந்தது அதன் இடத்துக்கு வருமாம்.
எதைவிட, எதில் என்று எழுதவில்லை.
4417ஐ மறுபடி வெளியே எடுத்தோம்.
புது நாடா வாங்கிவந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைதான்
கேப்டன் ஓர்னோல்ஃபுர் மாடியேறி வந்தார்,
பாக்கிப் பணம் வந்துசேர்ந்த சந்தோஷத்தில்.
கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே ஒரு ஹாடக்,
சுற்றிலும் பொடித்த பனிக்கட்டி.
"இது அதைக் கண்டுபிடித்தவருக்கு."
திரைகளைப் பார்த்தோம். ஒருவரையொருவர் பார்த்தோம்.
பை சொட்டிக்கொண்டிருந்தது.

ஹ்யால்டி அதைக் கீழே
தராசுக் கூண்டுக்கு எடுத்துப்போனான்.
ஸ்டெய்னுன் ஏன் என்று கேட்கவில்லை.
பழைய தராசில் வைத்தாள்,
பனிக்கட்டியைக் கழித்தாள், ஒரு தடவை,
எழுதிக்கொண்டாள்:
இரண்டு கிலோ நூறு.