ஐம்பத்தொரு சதவீதம்

பிரின்ஸ் ஜார்ஜில் இன்று மைனஸ் இருபத்தாறு.
லாரி வந்து நிற்கிறது
முழுமுழு மரங்களோடு.
சீட்டில் எழுதியிருக்கிறது:
பட்டமரம். வண்டரித்தது. வேறெதற்கும் உதவாது.

என் வேலை
ஒரு பிடித் தூளை அலுமினியத் தட்டில் நிறுத்து
அடுப்பில் வைத்து
மறுபடி நிறுப்பது.
குறைந்ததெல்லாம் தண்ணீர்.
பட்டமரத்தில் இருபது இருக்கும்,
மிஞ்சினால் இருபத்தைந்து.
இன்று ஐம்பத்தொன்று.

பனி விழுமுன் குடித்துவைத்தது
வாள் படும்வரை அப்படியே இருந்திருக்கிறது.

இதை அரைத்து, உலர்த்தி, அழுத்தி
கோழித்தீவனம் போலக் குறுணையாக்கி
ரயிலேற்றிக் கப்பலேற்றி அனுப்புகிறோம்.
நிலக்கரி தின்ற ஐரோப்பியக் கொதிகலன்
இனி இதைத் தின்னும்.
அங்கே இதற்குப் பெயர் பசுமை மின்சாரம்.
புகைபோக்கியில் போவது கணக்கில் சேராது,
மரம் திரும்ப வளர்ந்துவிடுமாம்.
வளரும்.
இங்கே ஒரு ஸ்ப்ரூஸ் என் இடுப்பளவு பருக்க
எண்பது வருஷம்.
எனக்கு இப்போதே நாற்பத்துநாலு.

வியாழக்கிழமை ரோட்டர்டாமிலிருந்து தணிக்கையாளர் வந்தார்.
நல்ல மனிதர். நடுவில் கடல் இல்லாவிட்டால்
ரயிலிலேயே வந்திருப்பார்.
தண்ணீர்ப் புட்டியும் வீட்டிலிருந்தே.
உங்கள் மொழியில் க்ரீனுக்கு என்ன சொல் என்றார்.
பச்சை என்றேன்.
அழகு என்று இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார்.
பச்சை. பச்சை.
காயாத விறகும் பச்சை, வேகாத கறியும்,
ஆறாத ரணமும்,
கூசாமல் சொல்கிற பொய்யும் என்று
நான் சொல்லவில்லை.
மேலாளர் பக்கத்தில் நின்றார்.
வீட்டுக்கடன் இன்னும் பதினேழு வருஷம்.
'பட்டமரம்' கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தேன்.

வாசலுக்கு வெளியே லொரெய்ன் கெல்சோ,
பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள்.
மடக்கு நாற்காலி, முழங்காலில் கம்பளி,
கையில் ஆள் எண்ணுகிற சின்ன இயந்திரம்.
லாரிக்கு ஒரு கிளிக்.
மூன்று குளிர்காலமாக.
கடிதம் போடுகிறாள், அமைச்சகத்துக்கு,
பிரஸ்ஸல்ஸுக்கு, யாருக்கெல்லாமோ.
ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துக் கேலி செய்வார்கள்.
நான் அதுவும் செய்ததில்லை.
கண்ணாடியை ஏற்றியபடி கடந்துவிடுவேன்.

இன்று ஷிப்ட் முடிந்து
கண்ணாடியை இறக்கினேன்.
குளிர் முகத்தில் அறைந்தது.

ஐம்பத்தொன்று, என்றேன்.

லாரியா? என் கணக்கில் முப்பத்தெட்டுதானே.

லாரியில்லை. தண்ணீர்.

கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு கையுறையைப் பல்லால் கவ்விக் கழற்றி
மடியில் துழாவினாள்,
இந்தக் குளிரிலும் எழுதும்
பென்சிலுக்காக.