குழிக் கணக்கு

என் புருஷன் போன வருஷம்
ராஸ்மானே கை நீட்டிக் காட்டினான்:
"அந்தத் தரை உனக்கு."
சிப்பெல்லே என்போம் அதை.
வெளுத்தது, இறுகியது,
கழுதைகூட நின்று மூத்திரம் பெய்யாதது.
மழை அதன்மேல் விழும், சறுக்கும், போய்விடும்,
கடன்காரனைக் கண்டவன் மாதிரி.

யத்தெங்காவில் ஹார்மட்டான் வீசும் மாதங்கள்.
பல்லிடுக்கில் புழுதி.
ஒரு சாண் ஆழம், இரண்டு சாண் அகலம்,
வெட்டிய மண் சரிவின் கீழ்ப்புறம் பிறையாக,
உள்ளே ஆட்டுப் புழுக்கை இரண்டு கை.
முதல் நாள் பதினெட்டு.
மறுநாள் பதினொன்று, கொட்டின் காம்பு முறிந்தது.
மூன்றாம் நாளைச் சொல்ல மாட்டேன்.

கிணற்றடியில் கேட்டார்கள்:
"தெம்போக்கோ, யாருக்கு இத்தனை சின்னக் கல்லறை?"
சிரித்துவைத்தேன்.
பார்க்க அப்படித்தான் இருந்தது.

எருவை மோந்துகொண்டு கறையான் வந்தது,
என் குதிரின் காலைத் தின்ற அதே சாதி.
கடப்பாரை தோற்ற இடத்தை
ஊசிக்கண் ஊசிக்கண்ணாகத் துளைத்தது.
கூலி பேசவில்லை.

முதல் மழையில் ஓடிவந்த தண்ணீர்
மேல்வரிசைக் குழிகளில் தடுக்கி விழுந்தது,
எழுந்திருக்கவில்லை.
காலையில் விரல் விட்டுப் பார்த்தேன்.
மணிக்கட்டு வரை போனது.

அந்த வருஷம் மூன்று மூட்டைச் சோளம்.
அடுத்த வருஷம் ஏழு.
ஆடு தின்ற விதை ஒன்று புழுக்கைக்குள்ளிருந்து முளைத்து
மழைக்காலத்தில் இலையுதிர்த்து வெயிலில் தழைக்கும்
ஏறுமாறான அந்த முள்மரமாயிற்று.
நான் வைக்கவில்லை,
வெட்டவும் இல்லை.

பிறகு ராஸ்மானே வந்தான்.
நானும் அசேத்தாவும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து
சரிவின் குறுக்கே அடுக்கிய கல்லில் உட்கார்ந்து,
"இரவல்தானே கொடுத்தது" என்றான்.
"குடும்ப நிலம்" என்றான்.
பேசிக்கொண்டே ஒரு மண்கட்டியை எடுத்து
விரலால் நசுக்கினான்.
பொலபொலவென்று உதிர்ந்தது.
அவன் பேச்சு எனக்குக் கேட்கவில்லை,
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புற்றெடுத்தது எது, குடிபுகுவது எது
என்று தெரியாதா எனக்கு?
"எடுத்துக்கொள், ஆனால் எண்ணி எடு" என்றேன்.
"இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
ஒன்று குறைந்தாலும் என் கணக்கில் தப்பு."

நான்காம் வரிசை வரை எண்ணினான்.
வெயில் ஏறியது.
இருபத்தாறா இருபத்தேழா என்று
அசேத்தாவைக் கேட்டான்.
அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர்த்தலைவர் முன்னால் பேச்சு.
என்ன ஆகுமோ.
இன்று செவ்வாய்.
கீழ்க்கோடியில் இன்னும் வெள்ளையாக ஒரு துண்டு கிடக்கிறது.
கொட்டுக்குக் காம்பு போட வேண்டும்.