ஐம்பது சோடி

மைனஸ் முப்பத்தொன்று.
காப்பர் கிளிஃப், ரயில் பாதைக்குப் பின்புறம்.
முழங்கால் பனியில் நின்று, நெற்றி விளக்கில்
அறுந்த கேபிளின் வாயைப் பார்க்கிறேன்.
ஐம்பது சோடிக் கம்பி. நாற்பது மீட்டரைக் காணோம்.
ஊர்ப் பெயரிலேயே செம்பு;
அதையும் யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ரேயால் லாலோண்ட் வண்டிக்குள் ஹீட்டரோடு இருந்து
கணக்குப் போடுகிறான்:
உரித்து, எரித்து, எடைக்குப் போட்டால்
நூறு டாலர் தேறாது.

மனிதன் வருமுன் இங்கே
வானத்திலிருந்து ஒன்று விழுந்ததாம்.
பாறை கஞ்சியாய்க் கொதித்து அடங்கியபோது
செம்பும் நிக்கலும் மண்டி போல அடியில் தங்கின.
தண்டவாளம் போட வந்தவர்கள் வெடிவைத்துத் திறந்தார்கள்.
அப்புறம் என்ன,
தோட்டா உறை, சாராய அண்டா, தந்தி, குழாய்,
ஒரு சென்ட் காசு
(அதையும் நிறுத்தியாகிவிட்டது.
என் வண்டியில் பதினொன்று கிடக்கின்றன, எவரும் வாங்குவதில்லை).

எங்கள் பக்கத்து அரசர்கள் நிலம் கொடுத்தால்
செம்பில் வெட்டிவைத்தார்கள்,
சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று.
நிலம் போய்விட்டது. ஏடுதான்
எப்போதாவது ஏர்க்கொழுவில் இடறும்.

பொய்ச் செம்பும் உண்டு.
மாமனார் அனுப்பிய யந்திரத் தகடு
ஃப்ரிட்ஜ் மேலிருந்து எங்களுக்குக் கண்ணேறு கழிக்கிறது.
இந்த இணைப்பின் கடைசி வீட்டுக்காரி ஐலி கோஸ்கெலா
மூட்டுவலிக்குச் செப்பு வளையம் போட்டிருக்கிறாள்.
வலி அப்படியே இருக்கிறது,
மணிக்கட்டுதான் பச்சையாகிவிட்டது என்கிறாள்.
அவள் நெஞ்சுக்குள் வைத்த கருவி
இரவு பத்து மணிக்கு இந்தக் கம்பி வழியாக
ஆஸ்பத்திரிக்குப் பேசும்.
நேற்றுப் பேசவில்லை.

கையுறையைக் கழற்றித்தான் இந்த வேலை.
வெள்ளை நீலம். வெள்ளை ஆரஞ்சு. வெள்ளை பச்சை.
மூன்று நிமிடம் விரல் என்னுடையது,
பிறகு வேறு யாருடையதோ.

பதினாறாவது சோடி, மஞ்சள் நீலத்தில்
முழங்காலுக்கடியில் ஏதோ நெருடியது.
ஒற்றைக் கையுறை. விறைத்த கம்பளி.
உள்ளங்கைக் கிழிசலை வேறு நிற நூலில் தைத்திருந்தது.
என் நான்கு விரல்கூட நுழையாத அளவு.
மணிக்கட்டு ஓரம், பள்ளியில் தொலையாமலிருக்கத்
தைத்துவிடும் துணிப்பட்டை;
அதில் பெயர்.

"ஏதாவது கிடைத்ததா?" கண்ணாடியை விரலளவு இறக்கி
ரேயால் கேட்டான்.

செப்பு என்றால் செம்பு.
செப்பு என்றால் சொல்.
ஒன்றைக் கை நிறையப் பிடித்துக்கொண்டு
மற்றதற்கு வாய் திறக்காமல் நின்றேன்.
செய்தது சரியா என்று ஐலியிடம் கேட்க முடியாது.

ஐம்பதாவதை முறுக்கிச் சோதனைக் கருவியைக் கவ்வவிட்டேன்.
ம்ம்ம் என்றது கம்பி,
கதை கேட்கிறவர்கள் கொட்டும் உம் போல.
மணி ஒன்பது ஐம்பத்தாறு.
சட்டைப் பையில் அந்தக் கம்பளி
உருகி
நெஞ்சை நனைக்கத் தொடங்கியிருந்தது.