இதில் ஒன்றுமில்லை

இரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
நெல்லூர்பேட்டையில், தகரக் கூரை போட்ட கடைசி அறை.
ஜூன் மாதக் குறிப்பேட்டில் என் கையெழுத்து இருக்கிறது:
யுகேந்திரன் – அடங்குவதில்லை. கடிக்கிறான்.
பெற்றோரை அழைக்கவும்.
அந்த வரியை நான் அடிக்கவில்லை.
இருக்கட்டும்.

அவன் அம்மா வந்தாள்,
தலைமுடியில் லுங்கிப் பஞ்சு ஒட்டியிருக்க.
"வீட்டுல நாலு விசைத்தறி டீச்சர்.
அந்தச் சத்தத்துலதான் தூங்குவான்.
கரண்டு போயி தறி நின்னாத்தான்
எழுந்து அலறுவான்."

குடியாத்தம் முழுக்கத் தடதடக்கும் ஊர்.
அதில் தூங்குகிற பிள்ளை
ஒரு பெஞ்சு நகர்ந்ததற்கு மேசைக்கடியில் போய் ஒளிகிறான்.
மூன்று நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொல்லாமல் வருவதுதான் அவனை அடிக்கிறது:
தண்டவாளத் துண்டில் விழும் மணி,
எவனோ விளையாட்டாய் முதுகில் வைத்த கை,
பதினொரு மணி வெயிலில்
கூரைத் தகரம் 'டக்'கென்று விரியும் ஒலி.
எங்களுக்கு அது வெயில்.
காதில்கூட விழுவதில்லை.

கடித்தது சட்டைக் காலரை.
உள்ளே ஒரு லேபிள், பிளாஸ்டிக் நூலால் தைத்தது.
பிளேடால் பிரித்தேன், ஒரு முள்ளும் மிச்சம் வைக்காமல்.
மணிக்கு முன்னால் மேசையில் மூன்று தட்டுத் தட்டுவேன்.
காதைப் பொத்திக்கொள்வான்.
மணி வந்துவிட்டுப் போகும்.

எல்லாமே பலித்தது என்று சொல்லமாட்டேன்.
மடியில் கனத்துக்கு இருக்கட்டுமென்று
புளியங்கொட்டை நிரப்பிப் பை ஒன்று தைத்தேன்.
பிரித்துக் கொட்டி எண்ணினான்.
முந்நூற்றுப் பதினெட்டு.
மற்றதுகள் அதில் பல்லாங்குழி ஆரம்பித்தன.
அன்றைக்குக் கணக்குப் பாடம் போயிற்று,
அல்லது நடந்தது.

ஆகஸ்டில், பீரோவைச் சுத்தம் செய்தபோது,
பழைய விடைத்தாள் கட்டு ஒன்று.
சணல் போட்டது, நாலு கிலோ இருக்கும்.
கேட்காமலேயே தூக்கி நெஞ்சோடு அணைத்து நடந்தான்.
தோள் இறங்கியது. தாடை இறங்கியது.
நான் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தேன்.

அதிலிருந்து, அவன் விரல்கள் படபடக்கத் தொடங்கினால்
கட்டின்மேல் ஒரு சீட்டு:
'ரஹமத்துன்னிசா டீச்சருக்கு.
இதில் ஒன்றுமில்லை. அவனுக்குக் கொஞ்சம் கனம் வேண்டும்.
பத்து நிமிடம் கழித்துத் திருப்பி அனுப்பவும்.'
பதில் வரும்:
'கிடைத்தது. அவசரமான ஒன்றுமில்லை, நன்றி.'
சில நாள் அதில் ஒரு பேரீச்சம்பழமும் வரும்.
அது எனக்கு.

வட்டாரக் கல்வி அலுவலர் வந்த அன்று
வராந்தாவில் அவனை மறித்தார்.
"என்ன கோப்புப்பா அது?"
தலைமையாசிரியர் சிகாமணிக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.
யுகேந்திரன் நிற்கவில்லை.
"அவசரம்" என்றான்.
வெளியாள் ஒருவரிடம் அவன் பேசி
அன்றுதான் நாங்கள் கேட்டோம்.
அலுவலர் ஒதுங்கி வழிவிட்டார்.

நவம்பரில்
வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி போன் செய்தான்.
ஸ்கேன் முடிவை முழுதாகப் படித்தான்,
ஒரு வார்த்தை விடாமல், ஆங்கிலத்தில்.
நாற்காலியில் உட்கார்ந்தேன்.
கரும்பலகையில் பாதி எழுதிய 'ழ'.
முப்பத்தோரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
தகரம் 'டக்'கென்றது.
எனக்குக் கேட்டது.
என் கை மேசைமேல் படபடத்தது,
நான் கவனிக்கவில்லை.

பீரோ கதவு திறக்கும் சத்தம்.
கட்டைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தான்.
சீட்டு இல்லை.
முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்க்கமாட்டான்.
இரண்டு உள்ளங்கையாலும்
ஒருமுறை கீழே அழுத்திவிட்டு
தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

கனமாகத்தான் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து வந்து
திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.