துல்லியம்: இருபது மதிப்பெண்

பள்ளிக் கட்டடம் ஒழுகியதால்
திருத்துறைப்பூண்டியில் கல்யாண மண்டபம் பிடித்தோம்.
பந்தி மேசைகளில் பதினொரு பள்ளிகள்.
செலவு முந்நூறுக்குள், பில் ஒட்ட வேண்டும்.

காலையெல்லாம் நான் ஓடியது
ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்காக.
ஆலத்தம்பாடிப் பையன்களின் நடவு வண்டி
மேடைக்குப் போகாமல்
சமையற்கட்டுக்குள் போய் முட்டி நின்றது.
அதற்கும் கைதட்டல்.

எட்டாம் மேசை: நெல்லின் ஈரம் காட்டும் கருவி.
இரண்டு ஆணி, சோப்பு டப்பா,
எங்கிருந்தோ கழற்றிய ஒரு சின்னத் திரை.
பதினேழு என்றது.

நடுவர் தட்சிணாமூர்த்தி
கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தவர்.
பையிலிருந்து தன் மீட்டரை எடுத்தார்.
அதே நெல்.
பத்தொன்பது.

"ரெண்டு தப்புது பாப்பா."
அன்பாகத்தான் சொன்னார்.

ஜெசிமா டப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.
"உங்க மீட்டரைக் கடைசியா
எப்ப சரிபார்த்தாங்க சார்?"

பின்வரிசை அப்பாக்கள்
செல்போனிலிருந்து தலை தூக்கினார்கள்.
அந்த இரண்டுக்காக
தார்ப்பாயில் திரும்பத் திரும்பக் காயவைத்து
பனியில் காவல் கிடந்தவர்கள்.

விதிமுறை எழுதியவன் நான்.
துல்லியம், இருபது மதிப்பெண்.
எதோடு வைத்துப் பார்த்து என்று
எழுதவில்லை.

தட்சிணாமூர்த்தி மீட்டரைத் தட்டினார்,
மறுபடி தட்டினார்,
பிறகு, "தராசு இருக்கா? அடுப்பு?
நிறுத்து, காயவச்சு, திரும்ப நிறுத்துடுவோம்."

பரிசு கொடுக்க வந்தவர் மேடையில் தனியாக.
மண்டபம் முழுக்கச் சமையற்கட்டில்,
நடவு வண்டியை ஓரம் தள்ளிவிட்டு,
ஒரு வாணலியைச் சுற்றி.
முதல் நெல் பொரிந்து தெறித்தது.

"சார், தீயைக் குறைங்க!
தீயைக் குறைங்க!"